மூளை மட்டும் பிழைச்சுக்கிச்சு பாஸ்!

‘டொப்!’

சத்தம் அவ்வளவுதான். பட்டாசுகூட இதைவிட நல்லா வெடிக்கும். ஆனா, அந்த ஒரு ‘டொப்’புல எங்க குடும்பத்தோட வருமானமே நின்னுபோச்சு மக்களே!

மே மாசம் அது. எங்க உத்திரமேரூருக்குக் கோடை மழை வர்றதே அரிது. வந்தா, இடியை முன்னாடி அனுப்பிட்டுத்தான் பின்னாடி வரும். அப்பாவோட ஜெராக்ஸ் கடையில நான்தான் உட்கார்ந்திருந்தேன். ‘இடி இடிக்குதே, லேன் வயரைப் பிடுங்கிப் போட்டுடலாமா’ன்னு யோசிச்சேன். யோசிச்சதோட சரி. எழுந்து பிடுங்கலை. கேபிள்காரர் மொட்டை மாடி மேல இழுத்துவிட்ட அந்த வயர் வழியா எங்கேயோ விழுந்த இடி நேரா கடைக்குள்ள வந்துடுச்சு. மோடம் கருகிப்போச்சு. சிஸ்டம் அணைஞ்சது, அணைஞ்சதுதான். (இ.இ.இ. படிக்கிற பொண்ணு நான். இதை வெளியில சொல்லிடாதீங்க ப்ளீஸ்!)

‘ஒரு கம்ப்யூட்டர்தானே, விடு’ன்னு உங்களுக்குத் தோணும். எங்க கடையைப் பார்த்தா அப்படிச் சொல்ல மாட்டீங்க. பத்துக்குப் பத்து ரூம், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிரின்டர், ஒரே ஒரு சிஸ்டம். பட்டா சிட்டா பிரின்ட் எடுக்க வர்றவங்க, ஆதார் பிரின்ட்டுக்கு வர்ற பாட்டிங்க, ஒரகடம் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி ரெஸ்யூம் எடுக்க ஓடி வர்ற அக்காங்க... வருஷம் முழுக்க இப்படித்தான். மே வந்தா இன்னும் விசேஷம். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோட இன்ஜினீயரிங் கவுன்சலிங் அப்ளிகேஷன், முதல் பட்டதாரி சான்றிதழ், வருமானச் சான்றிதழ்னு சுத்துப்பட்டு கிராமத்துப் பசங்க வரிசையில நிப்பாங்க. அந்த ரெண்டு மாசக் காசுலதான் என்னோட செமஸ்டர் ஃபீஸே கட்டுவார் அப்பா. நானும் முதல் பட்டதாரிதான். அந்தச் சான்றிதழுக்கு அப்ளை பண்ணதும் இதே சிஸ்டத்துலதான்.

ஊர்ல சர்வீஸ் பண்ற ஒரு அண்ணனைக் கூட்டிட்டு வந்தோம். மூடியைத் திறந்தார், மோந்து பார்த்தார், மூடினார். “போர்டு போச்சு சார். போர்டு போனா பிராசஸரும் போயிருக்கும். முப்பத்திரண்டாயிரம் ஆகும், புதுசாவே வாங்கிடுங்க” என்றார். “பிராசஸர் போயிடுச்சுன்னு எப்படிண்ணா சொல்றீங்க?” என்று கேட்டேன். “தங்கச்சி, உனக்கு இதெல்லாம் புரியாது” என்று பதில் வந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். முப்பத்திரண்டாயிரத்துக்கு எங்கே போறதுங்கிற பார்வை. “இன்னா பாப்பா... நீ படிக்கிறதே இதானே, பார்க்கமாட்டியா?” என்றார். நான் படிக்கிறது டிரான்ஸ்ஃபார்மரும் மோட்டாரும்தான். ஆனா அந்த நேரத்துல அதை அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?

சரி, விஷயத்துக்கு வர்றேன். உங்க வீட்டுலயோ ஹாஸ்டல்லயோ இதே நிலைமை வந்தா நீங்க முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதான். போர்டு செத்தா பிராசஸரும் செத்திருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. எங்க வீட்டு இடி வந்தது லேன் வழியா. முதல் அடி வாங்கினது போர்டுல இருக்கிற லேன் சிப். பிராசஸருக்குப் போற கரன்ட் நேரா போறதில்லை. எஸ்.எம்.பி.எஸ். கொடுக்கிற 12 வோல்ட்டை, போர்டுல இருக்கிற ஒரு சின்ன சர்க்யூட் கிட்டத்தட்ட 1 வோல்ட்டுக்கு இறக்கித்தான் ஊட்டிவிடும். பெரும்பாலும் அந்தப் பரிமாறுற ஆள் போய்ச் சேருவார், சாப்பிடுற ஆள் தப்பிச்சுக்குவார். எப்பவும் தப்பிப்பார்னு உத்தரவாதம் கிடையாது. ஆனா, பார்க்காமலேயே குப்பையில போடக் கூடாது.

எங்க சிஸ்டத்துல இருந்தது இன்டெல் ஐ5-3470. 2012-ல வந்த மூணாம் தலைமுறை சிப். நாலு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், 77 வாட். பழசுதான். ஆனா பட்டா பிரின்ட் எடுக்க ராக்கெட்டா வேணும்? அதைக் கழட்டி, எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் கையோட எடுத்துக்கிட்டு காலேஜ் லேபுக்குப் போனேன். எங்க லேப் அண்ணன் தங்கமானவர். முதல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை டெஸ்டர்ல மாட்டிப் பார்த்து ‘ஓகே’ சொன்னார். நீங்களும் இதை மறந்துடாதீங்க. எஸ்.எம்.பி.எஸ். கெட்டுப்போயிருந்தா, புதுசா வாங்கிட்டு வர்ற போர்டையும் அது சேர்த்துக் கொன்னுடும். அப்புறம் ஓரமா கிடந்த ஒரு ஐ3-3220 சிஸ்டத்தைத் திறந்து, அதோட சிப்பை எடுத்துட்டு என் சிப்பை வெச்சார். ஸ்விட்ச் போட்டார். ரெண்டு செகண்ட்... நாலு செகண்ட்... திரையில ‘ஐ5-3470’னு எழுத்து வந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

ஆக, மூளை உயிரோட இருக்கு. உடம்புதான் வேணும்!

எந்த உடம்புல வேணும்னாலும் இந்த மூளையை வெச்சுட முடியாது. இதைச் சொல்ல எங்க ஊரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுங்க இருக்கு, கி.பி. 919, 921 வருஷத்துக்கானது. ஸ்கூல் புத்தகத்துல எல்லாரும் படிச்சிருப்பீங்க. ஊரை 30 குடும்பாப் பிரிச்சு, ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்ற முறை. பரீட்சைக்கு இதோட நிறுத்திடுவாங்க. ஆனா கல்வெட்டுல யார் யார் நிக்கலாம், யார் நிக்கக் கூடாதுங்கிற கண்டிஷனும் விலாவாரியா இருக்கு! வயசு 35-லேர்ந்து 70-க்குள்ள இருக்கணும், கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும். முன்னாடி பதவியில இருந்துட்டுக் கணக்கு காட்டாதவன் நிக்கக் கூடாது, அவன் சொந்தக்காரனும் நிக்கக் கூடாது.

மதர்போர்டு சாக்கெட்டும் இதே கறார்தான். இன்டெல்காரங்க 2009-ல 1156 பின் சாக்கெட் விட்டாங்க. 2011-ல அது 1155 ஆச்சு. ஒரே ஒரு பின்தான் குறைச்சல், ஆனா அதுல போட்டது இதுல உட்காராது. 2013-ல 1150. 2015-ல 1151. இதுல பெரிய கூத்து 2017-ல நடந்துச்சு. எட்டாம் தலைமுறை சிப்புக்கும் அதே 1151 சாக்கெட்தான். உள்ளே போய் ஜம்முனு உட்காரும். ஆனா பழைய 100, 200 வரிசை போர்டுல ஓடாது, 300 வரிசை போர்டுதான் வேணும்! வயசு சரியா இருக்கு, நிலமும் இருக்கு, ஆனா கணக்கு காட்டலைன்னு ஓலையைக் கிழிச்சுப்போட்ட மாதிரி. ஏ.எம்.டி. ஆளுங்க இந்த விஷயத்துல கொஞ்சம் தாராளம். 2017-ல ரைசனோட வந்த ஏ.எம்.4 சாக்கெட் போர்டுகள் பலதுல, பயாஸை அப்டேட் பண்ணிட்டா 2020-ல வந்த ரைசன் 5000 சிப்கூட ஓடுது. 2022-லதான் ஏ.எம்.5-க்கு மாறினாங்க. அதனால கடைக்குப் போகும்போது “ஐ5-க்கு ஒரு போர்டு குடுங்க”ன்னு கேட்காதீங்க. சிப்போட முதுகுல அச்சடிச்சிருக்கிற முழு நம்பரைக் குறிச்சுட்டுப் போங்க. லேப்டாப் வெச்சிருக்கிறவங்க இந்தப் பக்கத்தைத் திருப்பிடலாம். இப்போ வர்ற லேப்டாப் கிட்டத்தட்ட எல்லாத்துலயும் பிராசஸரைப் போர்டோட பற்ற வெச்சுடறாங்க. கழட்டி மாட்டுற கதையே அங்க கிடையாது.

எனக்கு வேண்டியது 1155 சாக்கெட், டிடிஆர்3 ரேம் போடுற போர்டு. அதாவது எச்61. எங்க காஞ்சிபுரம் மாவட்டத்துல ஸ்ரீபெரும்புதூர்ல 2007-லேயே டெல் கம்ப்யூட்டர் ஃபேக்டரி திறந்தாங்க. ஆனா ஒரு பழைய போர்டு வேணும்னா செங்கல்பட்டுக்குப் பஸ் பிடிச்சு, அங்கேருந்து எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி, எழும்பூர்ல இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத்தான் போகணும்! கடை கடையா ஏறி இறங்கினேன். நாலாவது கடையில 1,800 ரூபாய்க்கு ஒரு செகண்ட் ஹேண்ட் போர்டு. வாங்குறதுக்கு முன்னாடி மொபைல் டார்ச்சை அடிச்சு சாக்கெட்டை நாலு பக்கமும் சாய்ச்சுப் பார்த்தேன். இது முக்கியம் பாஸ். இன்டெல் போர்டுல பின் எல்லாம் சாக்கெட்லதான் இருக்கும், தலைமுடியைவிட மெல்லிசா. டார்ச் வெளிச்சத்துல நாற்று நட்ட வயல் மாதிரி வரிசையா மின்னணும். ஒண்ணு சாய்ஞ்சிருந்தாலும் வேணாம்னு சொல்லிட்டு வந்துடுங்க. ஏ.எம்.4 வரைக்கும் ஏ.எம்.டி.யில இது தலைகீழ், பின் சிப்போட அடியில இருக்கும். அதுல இன்னொரு ஆபத்து. கூலரை வெடுக்குனு இழுத்தா, காய்ஞ்ச பேஸ்ட்டுல ஒட்டிக்கிட்டு சிப்பும் சேர்ந்து பிடுங்கிக்கிட்டு வந்துடும். கொஞ்ச நேரம் சிஸ்டத்தை ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் பண்ணி பிளக்கையும் பிடுங்கிட்டு, மெதுவா இப்படியும் அப்படியும் திருகித்தான் எடுக்கணும்.

அன்னிக்கு ராத்திரியே ஆபரேஷன். மின்விசிறியை அம்மா ஆஃப் பண்ணிட்டாங்க, தூசி பறக்குமாம். மே மாச வெக்கையில வேர்த்து ஊத்துது. போர்டுல ஒரு சொட்டு விழுந்துடக் கூடாதேன்னு தங்கச்சி விசிறி மட்டையோட பக்கத்துல நிக்கறா. முதல்ல கேபினெட்டோட இரும்பைத் தொட்டு உடம்புல இருக்கிற ஸ்டாட்டிக்கை இறக்கினேன். சிப்போட மூலையில ஒரு சின்னத் தங்க முக்கோணம் இருக்கும், ஓரத்துல ரெண்டு வெட்டு இருக்கும். சாக்கெட்ல இருக்கிற மேட்டோட அந்த வெட்டு பொருந்தணும். பொருந்திட்டா, சிப்பை அமுக்கவே வேண்டாம். விரல் நுனியில பிடிச்சு நேரா இறக்கி விட்டா, தானா உட்காரும். அதுக்கு அப்புறம் கம்பியை இழுத்துப் பூட்டும்போது மட்டும் ‘கிரீச்’சுனு ஒரு சத்தம் வரும் பாருங்க... நெஞ்சே நின்னுடும். பயப்படாதீங்க, அது அப்படித்தான். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியில துடைச்சுட்டு, புதுசா ஒரு பட்டாணி அளவுக்கு நடுவுல வெச்சா போதும். கூலரே அமுக்கிப் பரப்பிடும். (ஹாஸ்டல்ல ‘டூத்பேஸ்ட் வெச்சா போதும் மச்சி’ன்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்வார். காய்ஞ்சு பொடிப் பொடியாயிடும். நம்பாதீங்க!)

எல்லாம் மாட்டியாச்சு. 24 பின் பவர் வயர், பிராசஸருக்குத் தனியா ஒரு 4 பின் வயர், ரப்பரால தேய்ச்ச ரேம். வீடே சுத்தி நிக்குது. ஸ்விட்ச் போட்டேன்.

ஃபேன் சுத்துது. லைட் எரியுது. திரையில ஒண்ணுமே இல்லை.

ரேமை மாத்தி மாட்டினேன். இல்லை. வயரை எல்லாம் பிடுங்கிச் சொருகினேன். இல்லை. பேட்டரியைக் கழட்டிப் போட்டேன். ம்ஹூம். மணி பன்னிரண்டாச்சு. அப்பா ஒண்ணுமே சொல்லாம போய்ப் படுத்துட்டார். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

காலையில போர்டு விற்ற கடைக்காரருக்கு போன் போட்டேன். “போர்டு டெஸ்ட் பண்ணித்தாம்மா குடுத்தேன். உன் சிப்பு என்ன நம்பரு? 3470-ஆ? அடடா... அதுல பயாஸ் பழசும்மா. செகண்ட் ஜெனரேஷன் சிப்பு ஒண்ணு போட்டு அப்டேட் பண்ணிக்கோ” என்றார். மேட்டர் இதுதான். எச்61 போர்டு 2011-ல வந்தப்போ ரெண்டாம் தலைமுறை சிப்தான் இருந்துச்சு. 2012-ல பிறந்த என் 3470-ஐ அந்தப் பழைய பயாஸுக்குத் தெரியவே தெரியாது. சாக்கெட் சரி, வயர் சரி, ஆனா ‘யார் நீ?’ன்னு கேட்டுட்டு நிக்குது. புதுசா வந்தவரை அறிமுகப்படுத்த, அதுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் வேணும். இதை நான் வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும். நீங்க கேட்டுடுங்க. “பயாஸ் எந்த வெர்ஷன்? என் சிப்பை இதுல மாட்டிக் காட்டுங்க”ன்னு கடையிலேயே சொல்லிடுங்க. கூச்சப்பட்டா பஸ் சார்ஜ்தான் தண்டம்!

பெரியவரைத் தேடி கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். மதுராந்தகத்துல இருக்கிற ஃப்ரெண்ட், “எங்க வீட்டுப் பரண்ல ஒரு டப்பா கம்ப்யூட்டர் இருக்குடி, பார்க்கவா?” என்றாள். திறந்து பார்த்தா பென்டியம் ஜி620. ரெண்டாம் தலைமுறை, அதே 1155! அவங்கப்பாகிட்டக் கெஞ்சி வாங்கி, அட்டையில சுத்தி, எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள்ள வெச்சு, உத்திரமேரூர் பஸ்ல மடியில வெச்சுக்கிட்டே வந்து இறங்கினா. வழியெல்லாம் “டிபன்ல என்னம்மா?”ன்னு கேட்ட ஒரு ஆயாகிட்ட “பிராசஸர் ஆயா”ன்னு சொல்லியிருக்கா. “அது இன்னா பலகாரம்?”னு கேட்டாங்களாம்.

இனிமேதான் நிஜமான ஆபத்து. பயாஸ் அப்டேட் ஓடுறது ரெண்டு, மூணு நிமிஷம்தான். அந்த நேரத்துல கரன்ட் போச்சுன்னா போர்டு வெறும் தகடு. எங்க ஊர்ல கரன்ட்டை நம்பி ரெண்டு நிமிஷம் முட்டைகூட வேக வைக்க முடியாது! மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முந்தின நாளே முடிஞ்சிருந்தது ஒரு ஆறுதல். கடையில இருக்கிற யு.பி.எஸ்.ஸோட பேட்டரி எப்பவோ உப்பிப்போச்சு. பக்கத்து வீட்டு டெய்லர் மாமா வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு. கேபினெட், மானிட்டர் எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு ஊர்வலமா போனோம். தையல் மெஷினை நகர்த்திட்டு அந்த மேஜையிலேயே வெச்சோம். பென்டியத்தை மாட்டினதும் திரை வந்துடுச்சு. போர்டு கம்பெனி சைட்லேர்ந்து, அதே மாடல் நம்பர்தானான்னு மூணு தடவை சரிபார்த்து எடுத்த ஃபைல் பென்டிரைவ்ல ரெடி. ஓகே கொடுத்தேன்.

10 சதவிகிதம்... 30... 55...

புஸ்! ஃபேன் நின்னுச்சு. தெரு முழுக்க இருட்டு.

யாரும் மூச்சுவிடலை. திரை மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. இன்வெர்ட்டர் ‘ம்ம்ம்...’னு முனகுது. மாமாவோட பொண்ணு ஃபேன் போடக் கையை ஸ்விட்ச்கிட்டக் கொண்டுபோச்சு. “தொடாத!”ன்னு நாலு பேர் ஒரே குரல்ல கத்தினோம். பாவம், அது அழுதுடுச்சு. 80... 95... 100!

பென்டியத்தைக் கழட்டி, மறுபடியும் 3470-ஐ வெச்சேன். ஸ்விட்ச். இந்தத் தடவை ‘யார் நீ’ங்கிற கேள்வி இல்லை. நம்பரோட பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு!

இதோட முடிஞ்சுதுன்னுதானே நினைக்கிறீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். பத்து நிமிஷத்துல அதுவா அணைஞ்சுபோச்சு. பயாஸ்ல சூடு எவ்வளவுன்னு பார்த்தா 90 டிகிரியைத் தாண்டிப் போய்க்கிட்டு இருக்கு. கூலரோட நாலு கால்ல ஒண்ணு சரியா பூட்டலை. நாலு காலையும் வரிசையா அமுக்காதீங்க, எதிரெதிர் மூலையா அமுக்குங்க. ‘டிக்’குனு நாலு சத்தம் கேட்கணும், போர்டுக்கு அடியில நாலு முனையும் எட்டிப் பார்க்கணும். பேஸ்ட்டைத் துடைச்சுப் புதுசா வெச்சு மறுபடியும் பூட்டினேன். 45-ல நின்னுச்சு.

அடுத்து விண்டோஸ் நீலத் திரை காட்டுச்சு. பழைய போர்டுல ஹார்டு டிஸ்க் ஐ.டி.இ. மோட்ல இருந்திருக்கு, புதுசுல ஏ.எச்.சி.ஐ. பயாஸ்ல மாத்தினதும் உள்ளே போயிடுச்சு. ஆனா போர்டு மாறிட்டதால விண்டோஸ் லைசென்ஸ் போச்சு. கம்ப்யூட்டரோட வந்த லைசென்ஸ் போர்டோடவே போயிடும். தனியா வாங்கி மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோட இணைச்சிருந்தா திரும்ப வாங்கிக்கலாம். எங்களது முதல் ரகம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டையும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோட நிறுத்திட்டாங்க. விண்டோஸ் 11 இன்டெல்ல எட்டாம் தலைமுறைக்குக் கீழே அதிகாரபூர்வமா ஏறாது. அதனால எங்க கடை சிஸ்டத்துல இப்போ ஓடுறது லினக்ஸ். பிரின்டர் ஒரு மணி நேரம் அடம்பிடிச்சது. அப்புறம் பணிஞ்சது. அப்பாவுக்கு ஐகான் இடம் மாறினதுலதான் இன்னும் கோபம் தீரலை. “அந்த நீலக் கலர் ஈ எங்க பாப்பா?”ன்னு இப்பவும் கேட்கிறார்.

போர்டு 1,800, பேஸ்ட் 120, பஸ்ஸு, டிரெயினு, டீ எல்லாம் சேர்த்து 2,200-க்குள்ள முடிஞ்சது. ஆறு நாள் கடை மூடியிருந்த நஷ்டத்தை அப்பா கணக்குல சேர்க்கலை. நான் சேர்த்திருக்கேன், நோட்டுல எழுதியும் வெச்சிருக்கேன். லேன் வயருக்கு இப்போ ஒரு சர்ஜ் புரொடக்டர் போட்டிருக்கு. ஆனாலும் மேகம் கறுத்தா அம்மாவே ஓடிவந்து வயரைப் பிடுங்கிடறாங்க.

ஏழாவது நாள் காலையில ஷட்டரைத் தூக்கினப்போ வாசல்ல முதல் ஆளா நின்னது ஒரு தம்பி, கூடவே அவங்க அம்மா. கையில பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள மார்க் ஷீட். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு அப்ளை பண்ணணுமாம். ரெண்டு தடவை வந்து கடை மூடியிருக்குன்னு திரும்பிப் போனாங்களாம். “எந்த குரூப் எடுக்கப்போற?”ன்னு அப்பா கேட்டார். “கம்ப்யூட்டர் சயின்ஸ் சார்”னு சொன்னான். அப்பா என் பக்கம் கையைக் காட்டி, “பாப்பாவைக் கேளு”ன்னு சொல்லிட்டு ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பிட்டார்.

ஃப்ரெண்டோட பென்டியத்தைத் திருப்பிக் கொடுக்கணுமே? டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்து வெச்சேன். “யார் வீட்டுப் பாத்திரத்தையும் காலியா அனுப்பக் கூடாதுடி”ன்னு அம்மா வாங்கிக்கிட்டாங்க. அதனால இந்தத் தடவை பிராசஸர் அட்டைப் பெட்டியில மதுராந்தகம் போச்சு. டிபன் பாக்ஸ்ல போனது முறுக்கு.